வாக்கில்லாத நாற்காலி: ஐ.நா.வில் செர்ஹி கிஸ்லிட்சியா

2022 பிப்ரவரி 23, நியூயார்க்கில் இரவு ஒன்பதரை மணி. உக்ரைன் எல்லையில் குவிந்திருந்த ரஷ்யப் படைகளைப் பற்றிப் பேச ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் அவசரமாகக் கூடியது. உறுப்பினர்கள் எழுதிவந்த உரைகளை வாசித்துக்கொண்டிருந்தபோதே, ரஷ்யத் தொலைக்காட்சியில் புதின் தோன்றி ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’யை அறிவித்தார். உக்ரைன் தூதரின் முறை வந்தது. தான் தயாரித்துவந்த உரையில் பெரும்பகுதி இப்போது பயனற்றுப் போய்விட்டது என்று சொல்லித்தான் அவர் பேசத் தொடங்கினார். கூட்டம் முடியும் நேரத்தில், தலைவர் நாற்காலியில் இருந்த ரஷ்யத் தூதரைப் பார்த்து அவர் சொன்னது உலகம் முழுக்கப் பரவியது: போர்க் குற்றவாளிகளுக்கு உத்தரிக்கும் தலம் கிடையாது, அவர்கள் நேராக நரகத்துக்குத்தான் போவார்கள்.

உத்தரிக்கும் தலம் என்பது தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பழகிய சொல். இறந்தவர்கள் தூய்மையாகிச் சொர்க்கம் சேரும்வரை தங்கும் இடம். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இந்தக் கோட்பாட்டை ஏற்பதில்லை என்பது ஓர் உபரித் தகவல்.

அந்தத் தூதர் செர்ஹி கிஸ்லிட்சியா. 2025இல் இஸ்தான்புல், ஜெனீவா பேச்சுவார்த்தைச் செய்திகளில் அவர் பெயர் மறுபடி அடிபட்டது. பழைய காணொளியைப் பார்த்தவர்களுக்கு எழும் கேள்விகள் மூன்று:

1. படையெடுத்த நாட்டின் தூதரே அந்தக் கூட்டத்துக்கு எப்படித் தலைமை வகித்தார்?
2. பதினைந்து நாடுகள் உட்கார்ந்திருந்தும் கவுன்சிலால் ஏன் ஒன்றும் செய்ய முடியவில்லை?
3. அப்படியானால், அந்தத் தூதர் அங்கே இருந்த ஐந்து ஆண்டுகளில் பேசியதைத் தவிர என்ன செய்தார்?

முதல் இரண்டுக்கும் விதிப்புத்தகத்தில் விடை இருக்கிறது. மூன்றாவதற்கு அவருடைய வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். என் கணிப்பில், நரகத்தைப் பற்றிய அந்த வசனம் அவர் செய்ததிலேயே முக்கியம் குறைந்த விஷயம்.

## ஆள் யார்?

கிஸ்லிட்சியா 1969இல் கீவ் நகரில் பிறந்தவர். கீவின் தாரஸ் ஷெவ்சென்கோ பல்கலைக்கழகத்தில், சர்வதேச உறவுகள் நிறுவனத்தில் படித்தார். உக்ரைன் தனி நாடாகி, அதன் வெளியுறவு அமைச்சகம் நிஜமான அமைச்சகமாக உருவெடுத்துக்கொண்டிருந்த 1990களின் தொடக்கத்தில் பணியில் சேர்ந்தார். பிரஸ்ஸல்ஸ், வாஷிங்டன் தூதரகங்களில் வேலை. அப்புறம் தலைமையகத்தில் ஐ.நா. உள்ளிட்ட சர்வதேச அமைப்புகளைக் கவனிக்கும் துறைக்குத் தலைமை. 2014 முதல் 2020 வரை துணை வெளியுறவு அமைச்சர். 2020 பிப்ரவரியில் ஐ.நா.வுக்கான நிரந்தரப் பிரதிநிதி.

இந்த வரிசையில் அரசியல் நியமனத்தின் வாசனையே இல்லை. கட்சிக்காரரோ ராணுவத் தளபதியோ கிடையாது; கோப்புகளோடும் தீர்மான வரைவுகளோடும் முப்பது ஆண்டு மல்லுக்கட்டிய அதிகாரி. தீர்மானத்தில் ஒரு காற்புள்ளி எங்கே விழுந்தால் எந்த நாடு ஆதரிக்கும், எது நழுவும் என்று கணக்குப் போடுகிற ரகம். ஊடகங்கள் அவரை ஆவேசப் பேச்சாளராகக் காட்டியதால் இது மறைந்துபோனது.

‘நிரந்தரப் பிரதிநிதி’ என்ற பெயர் பலரைக் குழப்புகிறது. நிரந்தரமாக இருப்பது பதவிதான். ஒரு நாட்டுக்கு அனுப்பப்படுபவர் தூதர், ஐ.நா. போன்ற அமைப்புக்கு அனுப்பப்படுபவர் நிரந்தரப் பிரதிநிதி. கவுன்சிலின் ‘நிரந்தர உறுப்பினர்’ என்பதோடு இதற்குச் சம்பந்தம் இல்லை.

## நாட்டுக்கு முன்பே வந்த நாற்காலி

உக்ரைன் சுதந்திரம் பெற்றது 1991இல். ஆனால் ஐ.நா.வில் அதற்கு 1945 முதலே இடம் உண்டு. ஐ.நா.வைத் தொடங்கிய 51 நாடுகளில் அதுவும் ஒன்று.

சோவியத் ஒன்றியத்துக்கு ஒரே வாக்குத்தான் என்றால் மேற்கு நாடுகளின் கூட்டத்தில் தனித்துவிடுவோம் என்று ஸ்டாலின் கணக்குப் போட்டார். 1945இல் நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டாவில் நடந்த பேரத்தின் முடிவில் மாஸ்கோவுக்கு மூன்று இடங்கள் கிடைத்தன: சோவியத் ஒன்றியம், சோவியத் உக்ரைன், சோவியத் பெலாருஸ். ஐ.நா. சாசனத்தை உருவாக்கிய சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் உக்ரைன் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திமித்ரோ மனுயில்ஸ்கி, பழுத்த கம்யூனிஸ்ட். பல பத்தாண்டுகள் அந்த நாற்காலியிலிருந்து எழுந்த கை, மாஸ்கோ எழுப்பிய கையின் நிழல்தான்.

ஆனாலும் அந்த ஏற்பாட்டுக்கு எதிர்பாராத விளைவு ஒன்று இருந்தது. ரஷ்யா, பெலாருஸ் தவிர்த்த மற்ற சோவியத் குடியரசுகள் 1991 முதல் ஐ.நா.வில் சேர விண்ணப்பிக்க வேண்டியிருந்தபோது, உக்ரைன் பெயர்ப்பலகையை மாற்றியதோடு சரி. ஐ.நா. நடைமுறை தெரிந்த ஆட்கள் அதனிடம் ஏற்கெனவே இருந்தார்கள். 1985இல் சோவியத் உக்ரைனின் பிரதிநிதியாக நியூயார்க் வந்த ஹென்னாதி உதோவென்கோ, சுதந்திர உக்ரைனின் பிரதிநிதியாக அங்கேயே தொடர்ந்தார். பிறகு வெளியுறவு அமைச்சராகி, 1997-98 கூட்டத்தொடரில், எல்லா உறுப்பு நாடுகளும் உட்காரும் பொதுச்சபையின் தலைவரும் ஆனார். கிஸ்லிட்சியா அந்தப் பள்ளியில் அடுத்த தலைமுறை.

## தலைவர் நாற்காலி விவகாரம்

பாதுகாப்பு கவுன்சிலின் தலைமை மாதம் ஒரு நாட்டுக்கு, ஆங்கில அகர வரிசையில் சுழலும். 2022 ஜனவரியில் நார்வே, பிப்ரவரியில் ரஷ்யா, மார்ச்சில் ஐக்கிய அரபு அமீரகம். போர் தொடங்கிய மாதத்தில் ரஷ்யா தலைவராக இருந்தது வெறும் காலண்டர் விபத்து.

விலகச் சொல்ல முடியாதா? கவுன்சிலின் நடைமுறை விதிகளில் 20ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. தன் நாடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தலைமை தாங்குவது சரியாக இருக்காது என்று தலைவர் கருதினால், அந்த விவாதத்துக்கு மட்டும் ஒதுங்கிக்கொள்ளலாம். முடிவெடுப்பது தலைவர்தான். திருடன் சாவியை ஒப்படைக்க வேண்டுமா என்று திருடனையே கேட்கும் விதி. இன்னொரு வேடிக்கை, இந்த விதிகளுக்கு இன்றுவரை ‘தற்காலிக விதிகள்’ என்றுதான் பெயர்.

கிஸ்லிட்சியா அன்றிரவு தலைமைப் பொறுப்பைக் கைவிடும்படி ரஷ்யத் தூதர் வாசிலி நெபென்சியாவைக் கேட்டார். புதினையும் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவையும் அழைத்துத் தாக்குதலை நிறுத்தச் சொல்லும்படியும் கேட்டார். இந்த நேரத்தில் லாவ்ரோவை எழுப்பும் எண்ணம் தனக்கில்லை என்றார் நெபென்சியா. இது போர் அல்ல, சிறப்பு ராணுவ நடவடிக்கை என்றும் திருத்தினார்.

கவனிக்க வேண்டியது, கிஸ்லிட்சியா அந்த மேசையில் விருந்தாளி. உக்ரைன் தற்காலிக உறுப்பினராக இருந்தது 1948-49, 1984-85, 2000-01, 2016-17 ஆகிய நான்கு முறைதான். 2022இல் அது உறுப்பினர் இல்லை. சம்பந்தப்பட்ட நாடு என்ற முறையில் 37ஆவது விதிப்படி அழைக்கப்பட்டுப் பேசலாம், வாக்களிக்க முடியாது. தன் நாட்டின் மீது குண்டு விழுவதைப் பற்றிய தீர்மானத்தில் கை தூக்க உரிமையில்லாத நாற்காலி அது.

## 1991 டிசம்பர் காகிதங்கள்

அந்த இரவில் நரக வசனத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கோரிக்கை. ரஷ்யாவின் உறுப்புரிமை பற்றி 1991 டிசம்பரில் ஐ.நா. சட்ட ஆலோசகர் எழுதிய குறிப்புகளை உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் விநியோகிக்க வேண்டும் என்று கிஸ்லிட்சியா கேட்டார். சலிப்பூட்டும் கோரிக்கைதான். எந்தத் தொலைக்காட்சியும் அதைத் திரும்பத் திரும்பக் காட்டவில்லை. அதன் பின்னால் இருக்கும் வாதம் இப்படிப் போகும்:

1. ஐ.நா. சாசனத்தின் 23ஆவது பிரிவு நிரந்தர உறுப்பினர்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. அதில் ரஷ்யா என்ற பெயர் கிடையாது. ‘சோவியத் சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம்’ என்றுதான் இருக்கிறது.
2. அந்த ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்தது.
3. டிசம்பர் 24 அன்று ரஷ்ய அதிபர் எல்ட்சின் ஐ.நா. பொதுச்செயலாளருக்கு, சோவியத் உறுப்புரிமையை ரஷ்யா தொடரும் என்று ஒரு கடிதம் அனுப்பினார். பெயர்ப்பலகை மாறியது. பொதுச்சபையில் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.
4. சாசனத்தின் 4ஆவது பிரிவோ, ‘அமைதியை விரும்பும்’ நாடுகள், கவுன்சிலின் பரிந்துரையின் பேரில் பொதுச்சபை முடிவால் சேர்க்கப்படும் என்கிறது.
5. இதே காலத்தில் உடைந்த செக்கோஸ்லோவாக்கியாவின் இரு பாதிகளும் 1993இல் புதிதாக விண்ணப்பித்தன. உடைந்த யூகோஸ்லாவியாவின் இடம் தனக்குத்தான் என்ற பெல்கிரேடின் (செர்பியா, மாண்டினீக்ரோ அரசின்) உரிமைக்கோரலை ஐ.நா. ஏற்கவில்லை, அது 2000இல்தான் புதிய உறுப்பினராகச் சேர்ந்தது.

கேட்க வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. 1991 டிசம்பர் 21 அன்று அல்மா-அட்டாவில் கூடிய முன்னாள் சோவியத் குடியரசுகளின் தலைவர்கள், சோவியத் இடத்தை ரஷ்யா தொடர்வதை, பாதுகாப்பு கவுன்சில் இடம் உட்பட, ஆதரித்து ஒரு முடிவில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்துகளில் உக்ரைனுடையதும் இருக்கிறது. பிறகு முப்பது ஆண்டுகள் யாரும் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது சர்வதேசச் சட்டத்தில் புதிதல்ல. தவிர, 23ஆவது பிரிவில் சீனாவின் பெயரும் இன்றுவரை ‘சீனக் குடியரசு’ (இன்று தைவானில் இருக்கும் அரசு) என்றுதான் இருக்கிறது; மக்கள் சீனம் அந்த இடத்துக்கு வந்தது 1971 பொதுச்சபைத் தீர்மானத்தால். ஆக, சாசனத்தின் எழுத்தை மட்டும் பிடித்துத் தொங்கினால் பெய்ஜிங்கும் எதிரணிக்குப் போய்விடும்.

வெளியேற்றுவதற்கு வழி? 6ஆவது பிரிவு அனுமதிக்கிறது, ஆனால் கவுன்சிலின் பரிந்துரை வேண்டும். அங்கே ரஷ்யாவின் வீட்டோ, அதாவது தடுப்பு வாக்கு, காத்திருக்கிறது.

சட்டமாக இந்த வாதம் தேறாது என்பது முப்பது ஆண்டு அதிகாரிக்குத் தெரியாமல் இருக்காது. பிறகு ஏன் கிளப்பினார்? எதிரியின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைப் பதிவேட்டில் ஏற்றிவிடத்தான் என்று நினைக்கிறேன். 2022 டிசம்பர் கடைசியில் உக்ரைன் வெளியுறவு அமைச்சகமே, ரஷ்யா அந்த இடத்தில் முறைகேடாக உட்கார்ந்திருக்கிறது என்று அறிக்கை விட்டு, வெளியேற்றக் கோரியது.

## அடைத்த கதவும் பக்கத்துச் சந்தும்

கவுன்சிலில் ஒரு தீர்மானம் நிறைவேற 15இல் 9 வாக்கு வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவரும் எதிர்த்து வாக்களித்திருக்கக் கூடாது. அந்த எதிர் வாக்குத்தான் வீட்டோ. பிப்ரவரி 25 அன்று ரஷ்யாவைக் கண்டித்த வரைவுக்கு 11 ஆதரவு, 1 எதிர்ப்பு, 3 விலகல். அந்த ஒன்று ரஷ்யா. தன் வீட்டோவால் தீர்மானம் தோற்றதைத் தலைவர் என்ற முறையில் நெபென்சியாவே அறிவிக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் நடைமுறை வல்லுநர்களின் வேலை தொடங்குகிறது. கொரியப் போர்க் காலத்தில், 1950 நவம்பரில், ‘அமைதிக்காக ஒன்றிணைதல்’ என்று ஒரு தீர்மானத்தைப் பொதுச்சபை நிறைவேற்றியிருந்தது. வீட்டோவால் கவுன்சில் முடங்கினால், பொதுச்சபையின் அவசரச் சிறப்புக் கூட்டத்தை வரவழைக்கலாம். அப்படி வரவழைக்கும் தீர்மானம் வெறும் நடைமுறை சார்ந்தது என்று கருதப்படுவதால் அதற்கு வீட்டோ செல்லாது.

பிப்ரவரி 27 அன்று கவுன்சிலில் அதே 11, 1, 3. இந்தமுறை ரஷ்யாவின் எதிர் வாக்கு சாதாரண வாக்காக விழுந்தது, தீர்மானம் நிறைவேறியது. கவுன்சில் இப்படிப் பொதுச்சபையை அழைத்தது 40 ஆண்டுகளில் அதுவே முதல்முறை. மறுநாள் அங்கே கிஸ்லிட்சியா, இறந்துபோன ரஷ்யச் சிப்பாய் ஒருவர் தன் தாய்க்கு அனுப்பிய கடைசிச் செய்திகள் என்று சொல்லி ஒரு தாளை வாசித்தார்.

## எண்களை எப்படிப் படிப்பது

பொதுச்சபைத் தீர்மானங்கள் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அங்கே நடந்தது எண்களின் போர். ஆதரவு, எதிர்ப்பு, விலகல் என்ற வரிசையில்:

1. 2022 மார்ச் 2, ஆக்கிரமிப்புக்குக் கண்டனம்: 141, 5, 35.
2. ஏப்ரல் 7, மனித உரிமைக் கவுன்சிலிலிருந்து ரஷ்யாவை இடைநிறுத்துதல்: 93, 24, 58.
3. அக்டோபர் 12, உக்ரைனின் நான்கு பகுதிகளை ரஷ்யா இணைத்தது செல்லாது: 143, 5, 35.
4. நவம்பர் 14, போர் இழப்பீடு: 94, 14, 73.
5. 2023 பிப்ரவரி 23, நியாயமான அமைதி: 141, 7, 32.

கண்டனம் என்றால் 140க்கு மேல்; தண்டனை அல்லது பணம் என்றால் 90 சொச்சம். ரஷ்யா செய்தது தவறு என்று சொல்லப் பெரும்பாலான நாடுகள் தயார். அதற்கு விலை கொடுக்க வைப்பது என்று வந்தால் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பல பின்வாங்குகின்றன. நாளை நம்மீதும் இதே கத்தி பாயலாம் என்ற பயம் அதில் உண்டு.

விலகலைப் பற்றி ஒரு நுணுக்கம். முக்கிய விஷயங்களில் மூன்றில் இரண்டு பங்கு தேவை; ஆனால் கணக்கில் சேர்வது ஆதரவும் எதிர்ப்பும் மட்டும்தான். ஏப்ரல் 7 அன்று 93உம் 24உம் சேர்ந்து 117, தேவைப்பட்டது 78. விலகிய 58 நாடுகளும் எதிர்த்திருந்தால் மொத்தம் 175 ஆகி, தேவை 117க்கு ஏறித் தீர்மானம் தோற்றிருக்கும். இதனால்தான் அந்த வாக்கெடுப்புக்கு முன் ரஷ்யா, விலகி நிற்பதும் வராமலிருப்பதும்கூட நட்பற்ற செயலாகவே பார்க்கப்படும் என்று பல நாடுகளுக்குக் குறிப்பு அனுப்பியது. உக்ரைன் தரப்புக்கு விலகல் பாதி வெற்றி.

இடைநிறுத்தப்பட்டதும் ரஷ்யா தானே விலகுவதாக அறிவித்தது. வேலையை விட்டு நீக்கிய பிறகு யாரும் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதில்லை என்றார் கிஸ்லிட்சியா. நரக வசனத்தைவிட இது நல்ல வசனம், சட்டப்படியும் சரி. 2023 அக்டோபரில் அதே மனித உரிமைக் கவுன்சிலுக்கு ரஷ்யா மறுபடி போட்டியிட்டு 83 வாக்கு மட்டும் பெற்றுத் தோற்றது. அல்பேனியாவுக்கு 123, பல்கேரியாவுக்கு 160.

நான்காவது எண்ணுக்கும் பலன் உண்டு. இழப்பீட்டுத் தீர்மானம் சேதங்களைப் பதிவுசெய்ய ஓர் அமைப்பைப் பரிந்துரைத்தது. 2023 மே மாதம் ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe, ஐரோப்பிய ஒன்றியம் அல்ல) நாடுகள் அதை உருவாக்கின. இடம் ஹேக் நகரம். இடிந்த வீட்டுக்கு உக்ரைன் குடிமகன் இன்று மனு போடுகிறார் என்றால், அந்த 94 வாக்கு அதன் அடியில் இருக்கிறது.

## இந்தியாவும் இலங்கையும்

2022இல் இந்தியாவும் கவுன்சிலின் தற்காலிக உறுப்பினர். பிப்ரவரி 25இல் விலகி நின்ற மூன்று நாடுகள் சீனா, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம். வன்முறையை நிறுத்தி ராஜதந்திரத்துக்குத் திரும்புங்கள் என்ற இந்தியாவின் விளக்கத்தை அன்று வாசித்தவர், அப்போதைய நிரந்தரப் பிரதிநிதி டி.எஸ். திருமூர்த்தி. உக்ரைனில் அப்போது சுமார் 20,000 இந்தியர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள், தமிழகத்துப் பிள்ளைகளும் கணிசம். அவர்களைப் பத்திரமாக வெளியே கொண்டுவர இரு தரப்போடும் பேச வேண்டியிருந்தது. ராணுவத் தளவாடங்களுக்கு ரஷ்யாவை நம்பியிருக்கும் பழைய கதையும் உண்டு. மேலே உள்ள ஐந்து வாக்கெடுப்புகளிலும் இந்தியா விலகியே நின்றது. மார்ச் 2 அன்று விலகிய 35 நாடுகளில் இலங்கையும் ஒன்று.

## நியூயார்க்கிலிருந்து இஸ்தான்புல்லுக்கு

2024 டிசம்பரில் ஜெலென்ஸ்கி தூதர்கள் பலரை ஒரே வீச்சில் மாற்றினார். ஐ.நா.வுக்கு, முன்பு ஜெர்மனியிலும் பிறகு பிரேசிலிலும் தூதராக இருந்த அந்த்ரி மெல்னிக். கிஸ்லிட்சியா கீவ் திரும்பி, முதல் துணை வெளியுறவு அமைச்சர் ஆனார்.

அவர் கட்டிய எண்களுக்கு முதல் அடி 2025 பிப்ரவரி 24 அன்று விழுந்தது. உக்ரைனும் ஐரோப்பாவும் கொண்டுவந்த பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 93 ஆதரவு, 18 எதிர்ப்பு, 65 விலகல். எதிர்த்தவர்களில் ரஷ்யாவோடு அமெரிக்காவும் இருந்தது. அதே நாளில் ஆக்கிரமிப்பாளர் யார் என்றே சொல்லாத அமெரிக்க வரைவு ஒன்று பாதுகாப்பு கவுன்சிலில் 10 வாக்குகளோடு நிறைவேறியது. ரஷ்யா ஆதரித்தது, பிரிட்டன், பிரான்ஸ் உட்பட ஐந்து ஐரோப்பிய நாடுகள் விலகின.

அதன்பின் களம் மாறியது. மே 16, ஜூன் 2, ஜூலை 23 என மூன்று சுற்று நேரடிப் பேச்சு இஸ்தான்புல்லில் நடந்தது. உக்ரைன் குழுவுக்கு ருஸ்தம் உமெரோவ் தலைமை, ரஷ்யக் குழுவுக்குப் புதினின் உதவியாளர் விளாதிமிர் மெதின்ஸ்கி. கிஸ்லிட்சியா உக்ரைன் குழுவில் உட்கார்ந்தார். நவம்பரில், போரை முடிக்க அமெரிக்கா வைத்த 28 அம்சத் திட்டம் பற்றி ஜெனீவாவில் நடந்த பேச்சிலும் இருந்தார். அங்கே 28 அம்சங்கள் 19 ஆகச் சுருங்கின, மூல வடிவத்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான் என்று அவர் சொன்னார்.

இஸ்தான்புல் மேசைக்குச் சுழலும் தலைமை இல்லை, 37ஆவது விதி இல்லை, எண்ணுவதற்கு 193 நாடுகளும் இல்லை. போர்நிறுத்தம் கிடைக்கவில்லை. முதல் சுற்றில் கைக்குக் கிடைத்த பலன் ஆயிரத்துக்கு ஆயிரம் கைதிப் பரிமாற்றம். மே 23 முதல் 25 வரை மூன்று நாட்களில் அவர்கள் வீடு திரும்பினார்கள்.